கிட்டங்கியில் பாலம் வந்தால் சைக்கிளுக்கு எத்தனை அடி?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துப் பிறகு வாசியுங்கள்.

கிட்டங்கி வீதியைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் மழையோடு வரும், மழையோடு போகும். தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது எல்லோரும் படம் எடுத்துப் போடுவோம். வாவி வற்றி, ஆற்றுவாழை காய்ந்து ஒதுங்கியதும் எல்லோரும் மறந்து விடுவோம். இப்போது கச்சான் காலம். யாரும் பேசவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

உயரமான பாலம் வேண்டும் என்பதில் சவளக்கடையில் இரண்டு கருத்து இல்லை. அன்னமலையில் இல்லை, நாவிதன்வெளியில் இல்லை, கொளனிகளில் இல்லை. எந்தச் செயலகம் யாருக்கு என்று அடிபடுகிற ஆட்கள்கூட இந்தப் பாலத்தில் ஒரே பேச்சு. ஒவ்வொரு மாரியிலும் தாம்போதி மூடுப்பட்டால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நோயாளிகளும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, அல்லது தோணியில் ஏறிக் கடக்கிறோம். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிப் போன உழவு இயந்திரத்துக்கு வெள்ளத்தில் என்ன நடந்தது என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆகவே பாலம் வரட்டும். என்னுடைய கேள்வி வேறு. எல்லோரும் பாலத்தின் உயரத்தைக் கேட்கிறோம். அகலத்தைக் கேட்கிறவர் இல்லை. அந்த அகலத்தில் யாருக்கு எவ்வளவு என்றும் கேட்கிறவர் இல்லை.

பாடசாலை நாளில் காலை ஏழு மணிக்கு முன்னால் அந்த வீதியில் நின்று பாருங்கள். கல்முனைப் பாடசாலைகளுக்குப் போகிற பிள்ளைகள், வேலைக்குப் போகிற மேசன்மார், ஓடாவிமார், கடைச் சிப்பந்திகள், சந்தைக்குக் கீரை கொண்டு போகிற ஐயா. இவர்களில் எத்தனை பேர் சைக்கிளில்? இருபுறமும் வயல். காபட் முடிகிற இடத்தில் கிரவல் சரிவு. பின்னால் டிப்பர் ஹோர்ன் அடித்தால் பிள்ளை அந்தச் சரிவில்தான் இறங்க வேண்டும். காலையில் கிழக்கே போகிறவருக்கு வெயில் நேரே கண்ணில். பிள்ளைக்கும் அப்படித்தான், பின்னால் வருகிற சாரதிக்கும் அப்படித்தான். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டுத் திரும்பும்போது கச்சான் நேரே முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் மிதிக்கிற பிள்ளை நேராகப் போகாது, ஆடி ஆடித்தான் போகும். சைக்கிள் ஓடியவர்களுக்கு இது தெரியும். வெள்ளாமை வெட்டுக் காலம் வந்தால் காபட்டில் பாதி நெல் காயப்போட்டிருக்கும். மீதிப் பாதியில் வெட்டு மெஷின் வரும்.

இந்த வீதி சைக்கிள் வீதியாக இருந்துதான் மோட்டார் வீதியாக ஆனது என்பதை இளம் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, காடு வெட்டி, கொளனிகளுக்கு இலக்கம் போட்டார்கள். இன்றைக்கும் ஐந்தாம் கொளனி, ஏழாம் கொளனி, பன்னிரண்டாம் கொளனி என்றுதான் சொல்கிறோம். அந்த ஆட்களுக்குக் கல்முனைக் கடைத்தெருவுக்கு வர றலி சைக்கிள்தான் வாகனம். நெல் மூட்டை கரியரில், பிள்ளை பாரில், உம்மா எங்கே இருந்தா என்று கேட்காதீர்கள், மூட்டைக்கு மேலேதான். மருதமுனைச் சாரன் கட்டை சைக்கிளில் கட்டிக்கொண்டு கொளனி கொளனியாக விற்ற காக்காமாரைப் பற்றி எங்கள் மூத்தவர்கள் இப்பவும் கதைப்பார்கள்.

ஒவ்வொரு முறை நாடு முறிந்து விழுந்தபோதும் எங்களைத் தூக்கி விட்டது சைக்கிள். 1990களில் பெற்றோல் போகாத யாழ்ப்பாணம் முழுக்க சைக்கிளில்தான் ஓடியது. சுனாமிக்குப் பிறகு வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு இலங்கையில் 24,000க்கும் அதிகமான சைக்கிள்களைக் கொடுத்தது. இன்றைக்கு ஆபிரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தாதிமாருக்கும் சைக்கிள் கொடுக்கிற அந்த அமைப்பு பிறந்ததே எங்கள் நாட்டுச் சுனாமியில்தான், 2005இல். இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

பிறகு 2022. அந்த வருடம் தொடங்கும்போது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாய். காசு இருந்தவருக்கும் பெற்றோல் இல்லை. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும் என்றார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலாக்களை எல்லாம் தூக்கி வெளியே எடுத்தோம். சைக்கிள் கடைக்காரரிடம் ட்யூப் இல்லை, டயர் இல்லை, புது சைக்கிள் விலை கேட்டால் தலை சுற்றியது. அதிபர், ஆசிரியர், வங்கி முகாமையாளர், மௌலவி, எல்லோரும் மிதித்தோம். யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் மிதித்தோம்.

பெற்றோல் வந்தது, வெட்கமும் திரும்பி வந்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியும் திறந்தாயிற்று. ஐந்து வருடம் அடக்கி வைத்த ஆசை எல்லாம் இப்போது வீதியில். சாதாரண தரப் பெறுபேறு வந்தால் மகனுக்கு மோட்டார் பைக் பரிசு. பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அனுமதிப்பத்திரம் எடுக்கிற வயது வராத பிள்ளைக்கு. "சைக்கிள்ள போனா கூட்டாளிமார் சிரிக்கிறாங்க டீச்சர்" என்று ஒரு வாப்பா என்னிடமே சொன்னார். சிரிக்கிற கூட்டாளிமாரின் வாப்பாமாரும் இதையேதான் சொல்வார்கள். யார் முதலில் சிரித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பையன்களின் கதை அது. பெண் பிள்ளைகளின் கதை வேறு, எனக்கு அதுதான் நோவு.

வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை. பெயர் சொல்ல மாட்டேன், இது ஒரு பிள்ளையின் கதையும் அல்ல. எட்டாம் ஆண்டு வரைக்கும் சைக்கிளில் வரும். அதற்குப் பிறகு ஓட்டோ. ஓட்டோவுக்கு மாதக் காசு. பின்னேர வகுப்பென்றால் அதற்கு வேறு காசு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால், தம்பியின் வகுப்பு நிற்காது, ராத்தாவின் வகுப்புத்தான் நிற்கும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ எடுக்க ஆசைப்பட்ட பிள்ளை, "பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் என்ன பிரிவு இருக்கிறதோ அதை எடு" என்று சொல்லிக் கலைப் பிரிவில் உட்காரும். கலைப் பிரிவைக் குறை சொல்லவில்லை, நானே அதில் படித்து, பிறகு அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிக்குப் போனவள்தான். ஆனால் ஒரு பிள்ளை என்ன படிப்பது என்பதை ஓட்டோக் காசு தீர்மானிக்கக் கூடாது.

"வயசுக்கு வந்த புள்ளைய சைக்கிள்ள அனுப்புறயா?" என்று கேட்கிற அதே வீட்டில் உம்மா ஹபாயாவோடு ஸ்கூட்டி ஓடுகிறா. கல்முனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில், எங்கே பார்த்தாலும் எங்கள் பெண்கள் ஸ்கூட்டியில். மாஷா அல்லாஹ், நல்லது. அப்படியென்றால் இரண்டு சில்லில் ஏறுவதில் பிரச்சினை இல்லை. ஒட்டகத்தில் பயணம் செய்த பெண்களின் வரலாற்றைக் கொண்டு விவாதிக்க நான் மௌலவி அல்ல, அந்த விவாதம் எனக்குத் தேவையும் இல்லை. ஸ்கூட்டிக்குப் பொருந்துகிற ஒழுக்கம் சைக்கிளுக்கும் பொருந்தும், அவ்வளவுதான். ஹபாயா செயினில் சிக்கும் என்பது மட்டும் உண்மையான பிரச்சினை. அதற்கு முழு செயின் கவரும் பின் சில்லுக்கு ஒரு வலையும் போதும். பாடசாலைச் சீருடையில் சல்வார் இருப்பதால் பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய சிக்கல் இல்லை.

இந்த மாதிரிப் பேச்சு எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்பு நடத்தியபோது, படிப்போடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளுக்கு மாறினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். பாரில் பிள்ளையை இருத்தலாம் என்று அதையே விரும்பிய உம்மாமாரும் உண்டாம். அந்தப் பெண்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். தொடக்கத்தில் அவர்களும் வாயில் வந்த பேச்செல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று பீகாரில். 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்க அரசாங்கம் காசு கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண் பிள்ளைகள் இடைநிலைப் பாடசாலையில் சேர்வது 32 சதவீதம் கூடியிருந்தது. பாடசாலை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். கொளனியிலிருந்து உயர்தரம் படிக்க எங்கே போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு உம்மா என்னிடம் திருப்பிக் கேட்பா: "டீச்சர், ரோட்டப் பாருங்க. எப்படி அனுப்புற?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த உம்மா சொல்வது சரி. இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். மானம், வெட்கம், ஊர் என்ன சொல்லும் என்று நாங்கள் பேசுவதில் பாதி இந்தப் பயம்தான். பயத்தைப் பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒழுக்கம் என்று சொல்கிறோம்.

நெதர்லாந்து என்றால் சைக்கிள் நாடு, அவர்கள் பிறவியிலேயே அப்படி என்று நினைக்கிறோம். இல்லை. 1960களில் அவர்களும் எங்களைப்போலக் கார் வாங்கி, சைக்கிளை ஓரம் தள்ளியவர்கள்தான். 1971இல் மட்டும் அங்கே 3,000க்கும் அதிகமானோர் வீதியில் செத்தார்கள், அதில் 400க்கு மேல் பிள்ளைகள். பெற்றார் தெருவில் இறங்கினார்கள். அந்த இயக்கத்தின் பெயரே "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்பதுதான். அடுத்து 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை போட்டார்கள். வெறும் வீதியில் பிள்ளைகள் விளையாடினார்கள். எங்களுக்கு 2022இல் வந்த அதே நெருக்கடி. அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, புது வீதி போடும்போதெல்லாம் சைக்கிளுக்குத் தனிப் பாதை போடத் தொடங்கினார்கள். நாங்கள் கியூஆர் அட்டையைக் கைபேசியிலிருந்து அழித்ததோடு முடித்துக்கொண்டோம்.

இப்போது சிலர் பட்டரி சைக்கிள், பட்டரி ஸ்கூட்டர் என்று சொல்கிறார்கள். எனக்கு எதிர்ப்பு இல்லை. கச்சானுக்கு எதிரே மிதிக்க முடியாத வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் சாமான் வந்தால் பிரச்சினை தீராது. பரிஸ் நகரத்தில் வாடகை பட்டரி ஸ்கூட்டர்களைத் தெருவெங்கும் விட்டார்கள். நடைபாதையில் போட்டுவிட்டுப் போவதும், நடக்கிறவர்களை இடிப்பதுமாகி, 2023 ஏப்ரலில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். வந்து வாக்களித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில் வேண்டாம் என்றார்கள். அதே பரிஸில் சைக்கிளுக்குப் பாதை போட்ட வீதிகளில் சைக்கிள்காரர்கள் நிறைந்து போகிறார்கள். அதனால் என்ன வாகனம் என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மெதுவாகப் போகிற எல்லோருக்கும் ஒரு ஓரம் வேண்டும்.

வெளிநாட்டுக் கதை போதும் என்றால், கல்லடிக்கு வாருங்கள். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. 1924இல் கட்டிய ஒடுங்கிய இரும்புப் பாலம். இந்தப் பக்கம் வாகனம் போக, அந்தப் பக்கம் நின்று காத்திருந்த ஞாபகம் எல்லோருக்கும் இருக்கும். 2013இல் பக்கத்தில் அகலமான புதிய பாலம் திறந்தார்கள். பழையதை இடிக்கவில்லை. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் அதில் போகிறார்கள், பின்னேரத்தில் குடும்பத்தோடு காற்று வாங்குகிறார்கள். பெரிய வாகனத்தின் ஹோர்ன் சத்தம் அவர்களின் முதுகில் இல்லை.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 1924இலிருந்து 2013 வரை எண்பத்தொன்பது வருடம். ஒரு பாலம் கட்டினால் மூன்று தலைமுறை அதில்தான் போக வேண்டும். வீதியைப் பிறகு அகலமாக்கலாம், பாலத்தைப் பிறகு அகலமாக்க முடியாது. கிட்டங்கிப் பாலத்தின் வரைபடத்தில் சைக்கிளுக்கு இடம் விடாமல் இரண்டு வாகனம் போகிற அளவுக்கு மட்டும் கட்டிவிட்டால், எங்கள் பேரப்பிள்ளைகளும் டிப்பருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவிலேதான் மிதிப்பார்கள். தாம்போதியிலாவது வாகனங்கள் பயந்து மெதுவாக வரும். புதுப் பாலத்தில் யார் மெதுவாக வருவார்? பாலம் வந்தால் ஆபத்துக் குறையும் என்று நினைக்கிறோம். வெள்ளத்தின் ஆபத்துக் குறையும், வேகத்தின் ஆபத்துக் கூடும்.

சைக்கிள் கைபிடியின் அகலம் இரண்டடி. காற்றுக்கு ஆடுவதற்கு ஒரு பக்கம் ஓரடி, மறு பக்கம் ஓரடி. பக்கத்தால் லொறி போனால் விலக இன்னும் ஓரடி. ஐந்தடி. இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி, வாகனப் பாதைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சின்னக் கட்டு. நான் கேட்பது இதுதான். பாலத்தோடு சேர்ந்த வீதியிலும் கிரவல் சரிவை நிரப்பி அதே ஐந்தடி. கட்டுவதற்கு முன்னால் கேட்டால் வரைபடத்தில் ஒரு கோடு. கட்டிய பிறகு கேட்டால் மகஜர், ஊர்வலம், கறுப்புக் கொடி, கடைசியில் ஒன்றும் இல்லை.

பாலம் எப்போது வரும் என்று தெரியாது. அதுவரைக்கும் காசு செலவில்லாத ஒன்று இருக்கிறது. பாடசாலை தொடங்குகிற நேரமும் விடுகிற நேரமும் டிப்பர்கள் இந்த வீதியில் ஓடக் கூடாது என்று ஒரு ஒழுங்கு. காலையில் ஒரு மணித்தியாலம், மதியம் ஒரு மணித்தியாலம். மண் அவ்வளவு நேரத்தில் கெட்டுப் போகாது. டிப்பர் முதலாளிமாரும் எங்கள் ஊர் ஆட்கள்தான், அவர்களின் பிள்ளைகளும் எங்களிடம்தான் படிக்கிறார்கள். பொலிசுக்குப் போவதற்கு முன்னால் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து அவர்களோடு பேசினாலே பாதி முடியும் என்று நினைக்கிறேன். ஊருக்குள் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வேகம் எனது கற்பனை அல்ல. பிள்ளைகளும் சைக்கிளும் வாகனமும் கலந்து போகிற இடங்களில் இதுதான் உச்சம் என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் நடந்த உலக வீதிப் பாதுகாப்பு மாநாட்டிலும் சொல்லியிருக்கிறார்கள்.

2025 மே மாதத் தேர்தலில் வென்று பிரதேச சபை உறுப்பினர்களாக வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியும். "இது எங்கள் வீதி இல்லை, அந்தத் திணைக்களத்தின் வீதி" என்று தயவு செய்து கருத்துப் போடாதீர்கள். எந்தத் திணைக்களமானாலும், சபையில் ஒரு பிரேரணை நிறைவேற்றி அனுப்பினால் அது ஒரு கடதாசியாக இருக்கும். வரைபடம் போடுகிற பொறியியலாளரின் மேசையில் அந்தக் கடதாசி இருந்தால் போதும்.

அவர் கேட்கப் போகிற முதல் கேள்வி, "அந்த வீதியில் எத்தனை சைக்கிள் போகிறது?" என்பதுதான். நாங்கள் எண்ணிக் காட்டாவிட்டால், சைக்கிளே இல்லை என்றுதான் எழுதிக்கொள்வார்.

ஆகவே எண்ணப் போகிறோம். வருகிற திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை, மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை, தாம்போதியின் சவளக்கடைப் பக்கத்தில். சைக்கிள், நடக்கிறவர், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லொறி, டிப்பர் என்று தனித்தனியாகக் கோடு போட வேண்டும். சைக்கிளில் வருகிற ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் வேறாக எண்ண வேண்டும். எனக்குப் பாடசாலை இருப்பதால் காலை ஏழு வரைதான் நிற்க முடியும். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற தம்பிமார், ஓய்வு பெற்ற சேர்மார், தமிழ், முஸ்லிம் யாராக இருந்தாலும் நான்கு பேர் வேண்டும். இன்பொக்ஸில் சொல்லுங்கள். கொப்பியும் பேனையும் நான் தருவேன், தொப்பி நீங்கள் கொண்டு வாருங்கள், மதியத்தில் நிழல் இல்லை.